ஆயில் திரும்பி வரும் வழி

(சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு சின்ன விளக்கம். அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'விண்டேஜ் ட்ரே' என்று தலைப்பு அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, பழைய மாடல் கார்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்து வந்த இரண்டு மூன்று பேர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சீனியர் அண்ணன் தன் தாத்தா வைத்திருந்த மோரிஸ் மைனரின் போட்டோவையே கையோடு கொண்டுவந்திருந்தார். தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே வந்துவிடுகிறது, என்ன செய்ய? அந்த விண்டேஜ் பழமை. என்னுடைய விண்டேஜ் காற்று. விண்ட் என்ற சொல்லிலிருந்து வந்தது. போட்டோ கொண்டுவந்த அண்ணன் மன்னிக்க வேண்டும்.

என்ஜினின் அடியில், ஆயில் நிற்கும் சம்ப்புக்கும் மேலே சுழலும் க்ராங்க் ஷாஃப்ட்டுக்கும் நடுவே, ஒரு தகடு இருக்கும். எல்லா என்ஜினிலும் இருக்காது, பலவற்றில் இருக்கும். ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் கனம். அங்கங்கே வெட்டி மடக்கிய ஓட்டைகள். கையில் கொடுத்தால் பழைய சைக்கிள் செயின்கவர் என்று நினைப்பீர்கள். அந்தத் தகரத்தைப் பற்றித்தான் இருபது நிமிஷம் பேசப்போகிறேன்.

நாம் எல்லோரும் லூப்ரிகேஷன் சிஸ்டம் படம் போட்டவர்கள். பதினாறு மார்க் கேள்வி. சம்ப், ஸ்ட்ரெய்னர், பம்ப், ஃபில்டர், மெயின் கேலரி, அங்கிருந்து மெயின் பேரிங், க்ராங்க் ஷாஃப்ட்டின் துளை வழியாக பிக் எண்ட் பேரிங், இன்னொரு கிளை மேலே ஹெட்டுக்கு. ஸ்கேல் வைத்து அம்புக்குறி போடுவோம். கடைசியில் ஒரு வரி எழுதுவோம்: பிறகு ஆயில் மீண்டும் சம்ப்பை அடைகிறது. அந்த ஒரு வரிக்குப் படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. ஆயில் எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு பக்கம். எப்படித் திரும்புகிறது என்பதற்கு ஐந்து வார்த்தை. நான் படித்தபோதும் அப்படித்தான், போன வாரம் ஒரு தம்பியின் நோட்டை வாங்கிப் பார்த்தேன், இன்றும் அப்படித்தான்.

என்ஜின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அந்த ஐந்து வார்த்தைக்குள் எவ்வளவு கலவரம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. சம்ப்பின் பக்கவாட்டில் கண்ணாடி மாதிரியான ஜன்னல் வைத்து, ஸ்ட்ரோப் விளக்கு அடித்து உள்ளே பார்ப்போம். என்ஜின் நிற்கும்போது அமைதியான குளம். ஆயிரம் சுற்றில் சின்னத் தூறல். நாலாயிரம், ஐந்தாயிரம் என்று ஏற்றினால் குளம் எது, மழை எது என்று பிரிக்க முடியாது. பழுப்பு நிறத்தில் ஒரு சூறாவளி. ஜன்னலில் ஒன்றும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே மூத்தவர்கள் பலர் அம்பாசடரில் வளர்ந்தவர்கள். அதன் பழைய 1,489 சி.சி. என்ஜினின் ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். அப்படியானால் க்ராங்க் பின் சுற்றும் வட்டத்தின் ஆரம் அதில் பாதி, சுமார் 44. நிமிடத்துக்கு 4,200 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 70 சுற்று. பின்னின் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர் வருகிறது. இது சாதுவான என்ஜின்.

இப்போது நான் இன்று உதாரணமாக எடுத்துக்கொள்ளும் என்ஜினுக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட் காரில் 1997-இல் வந்த எல்.எஸ்.1. 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர், வி வடிவம். ஏன் இதை எடுத்தேன் என்றால், ஆயில் திரும்பும் வழியைப் பற்றி உட்கார்ந்து யோசித்தவர்கள் வரைந்த என்ஜின் இது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் இதைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டதால் இதில் ரகசியமும் மிச்சமில்லை. ஸ்ட்ரோக் 92 மில்லிமீட்டர். 6,000 சுற்றில் வினாடிக்கு 100 சுற்று. க்ராங்க் பின்னின் வேகம் மணிக்கு 104 கிலோமீட்டர். அதன் எதிர்ப்பக்கம் இருக்கும் கனமான எடைக்கட்டிகளின் விளிம்பு இன்னும் வெளியே சுற்றுகிறது, அது இன்னும் வேகம். பின்னின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு ஆயிலை வெளியே இழுக்கும் விசை, அந்தச் சொட்டின் எடையைப் போல் சுமார் 1,850 மடங்கு.

மழைக்காலத்தில் மட்கார்டு இல்லாத சைக்கிளில் கல்லூரிக்கு வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். வெள்ளைச் சட்டை முதுகில் நேர்கோடாகச் சேறு. அந்தச் சக்கரம் போன வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். இங்கே நூற்றுக்கு மேல்.

அதுவும் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். க்ராங்க் ஷாஃப்ட் கீழே குனிந்து சம்ப்பில் மொண்டு அடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அளவு சரியாக இருந்தால், கார் சமதரையில் நின்றால், அது ஆயிலைத் தொடவே கூடாது. பெரும்பகுதி ஆயில் பேரிங்குகளிலிருந்தே கசிகிறது. பேரிங்கின் இடைவெளி 0.05 மில்லிமீட்டர் அளவு. அதற்குள் அழுத்தத்தோடு போன ஆயில் இரண்டு ஓரங்களிலும் வெளியே வந்துதான் ஆக வேண்டும், வந்தால்தான் சூட்டை எடுத்துப் போகும். ஆக, ஆயிலைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டு சுழல்கிற சக்கரம் இது. போதாதற்கு ஹெட்டிலிருந்து வடிந்து வருகிற ஆயிலும் இவர் தலை வழியாகத்தான் இறங்க வேண்டும். இறங்குகிற ஆயிலை வழியிலேயே பிடித்து, கயிறு திரிக்கிற மாதிரித் தன்னைச் சுற்றிச் சுற்றிக்கொள்கிறார். சம்ப்பின் மேல்பரப்பிலும் இந்தச் சுழல்காற்று அடிக்கிறது. மேல்பரப்பு அலையாகி, அலை நுனி பிய்ந்து, அதுவும் காற்றில் சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு காற்றும் உண்டு. ஒவ்வொரு பிஸ்டனும் கீழே இறங்கும்போது தன் அடியில் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது. எல்.எஸ்.1-இல் ஒரு சிலிண்டருக்கு 0.7 லிட்டர். வினாடிக்கு 100 தடவை. அந்தக் காற்று பக்கத்து அறைக்கு ஓட வேண்டும். மெயின் பேரிங்கைத் தாங்கும் சுவர்கள் நடுவில் நிற்கின்றன. வழி குறுகலாக இருந்தால் காற்று சம்ப்பின் மேல் உரசிக்கொண்டு, ஆயிலையும் வாரிக்கொண்டு, அடுத்த அறைக்குப் போகும். இதே 5.7 லிட்டர் குடும்பத்தில் 2001-இல் எல்.எஸ்.6 வந்தபோது, பிளாக்கின் அந்தச் சுவர்களில் ஜன்னல்களை வார்ப்பிலேயே வைத்தார்கள். காற்று பக்கத்து அறைக்கு நேராகப் போய்வரட்டும், கீழே இறங்கி ஆயிலைக் கிளற வேண்டாம் என்பதுதான் நோக்கம். தகட்டுக்கும் இந்த ஜன்னலுக்கும் வேலை ஒன்றுதான்.

விண்டேஜ் என்ற சொல் எலெக்ட்ரிக்கல் நண்பர்களுக்குப் புதிதல்ல. மோட்டார் டெஸ்ட்டில் 'ஃப்ரிக்ஷன் அண்ட் விண்டேஜ் லாஸ்' என்று கழிப்பீர்களே, அதே விண்டேஜ்தான். சுழலும் ரோட்டார் காற்றைக் கலக்குவதற்குச் செலவாகும் சக்தி. பெரிய மின் நிலையங்களில் 200 மெகாவாட் அளவுள்ள ஜெனரேட்டர்களுக்குள் ஹைட்ரஜன் நிரப்புகிறார்கள். குளிர்விக்க என்று படித்தோம். ஹைட்ரஜனின் அடர்த்தி காற்றில் பதினான்கில் ஒரு பங்குதான் என்பதால் இந்த விண்டேஜ் நஷ்டமும் குறைகிறது என்பது அதன் இன்னொரு லாபம். கார் என்ஜினுக்குள் ஹைட்ரஜன் நிரப்ப முடியாது. ஆனால் பந்தய என்ஜின்காரர்கள் க்ராங்க் கேஸில் இருக்கும் காற்றையே பம்ப் வைத்து உறிஞ்சிவிடுகிறார்கள். ஒரே யோசனை, வேறு வழி.

இந்த இழுவைக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை சுமார் நாலு மடங்கு, அதில் வீணாகும் சக்தி எட்டு மடங்கு. 3,000 சுற்றில் அரைக் குதிரைத் திறன் போனால் 6,000-இல் நாலு குதிரை போகும். ஊருக்குள் ஓடும் காரில் யாருக்கும் தெரியாது. ஓட்டப்பந்தயக்காரனுக்கு உடனே தெரியும். 1960-களில் அமெரிக்கக் கம்பெனிகள் இந்தத் தகட்டை முதலில் சக்தி மிகுந்த மாடல்களுக்கு மட்டும் போட்டதற்கு இதுதான் காரணம். கிரைஸ்லரின் 426 ஹெமி என்ஜினில் இருந்தது, சாதாரணக் குடும்பக் கார்களில் இல்லை.

ஆனால் குதிரைத் திறன் கதையை நான் இதோடு விடுகிறேன். பத்திரிகை விளம்பரங்களில் இந்தத் தட்டை மாட்டினால் இருபது குதிரை கூடும் என்றெல்லாம் போடுவார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. பெரிய என்ஜின், மிக அதிக வேகம், அதுவரை தட்டே இல்லாத நிலை, இந்த மூன்றும் சேர்ந்தால் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும். அதுவே நல்ல விஷயம்தான். நான் உங்களைப் பிடித்து உட்கார வைத்துப் பேசுவது அதற்காக அல்ல. காற்றுக்காக. ஆயிலுக்குள் நுழைந்துவிட்ட காற்றுக்காக.

டீக்கடையில் மாஸ்டர் ஒரு கையை மேலே தூக்கி ஆற்றுகிறார். நுரை பொங்குகிறது, நமக்கு அது அழகு. மேலே வருகிற நுரையைப் பற்றி எனக்கும் பெரிய கவலை இல்லை, அது குளத்தின் மேலே மிதக்கும், பம்ப் அடியில் இருந்து உறிஞ்சும். ஆபத்து டீக்குள்ளேயே இருக்கும் பொடிப்பொடிக் குமிழிகளில். அவை மேலே வரக் காலம் வேண்டும்.

ஸ்டோக்ஸ் விதி ஞாபகம் இருக்கிறதா? முதலாண்டு பிசிக்ஸ். திரவத்தில் ஏறும் குமிழியின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நன்றாகச் சூடான என்ஜின் ஆயிலில் அரை மில்லிமீட்டர் குமிழி வினாடிக்குச் சுமார் 11 மில்லிமீட்டர் ஏறும். எட்டு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஏழெட்டு வினாடியில் வெளியே வந்துவிடும். அதே ஆயிலில் 0.1 மில்லிமீட்டர் குமிழி? வினாடிக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. எட்டு சென்டிமீட்டர் ஏற மூன்று நிமிஷம்.

சரி, ஆயில் சம்ப்பில் எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறது? சம்ப்பில் ஆறு லிட்டர், அதிவேகத்தில் பம்ப் நிமிடத்துக்கு முப்பது லிட்டர் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஆயிலும் ஒரு சுற்றுச் சுற்றிவர 12 வினாடி. அதிலும் ஒரு பங்கு எப்போதும் ஹெட்டிலும் சுவரிலும் காற்றிலும் இருக்கிறது, சம்ப்பில் உட்காரும் நேரம் 12 வினாடிக்கும் குறைவு. மூன்று நிமிஷம் வேண்டிய குமிழிக்குப் பத்து வினாடி அவகாசம். அது வெளியே வரவே வராது. பம்ப்புக்குள் போகும், கேலரிக்குள் போகும், பேரிங்குக்குள் போகும், கசியும், அடிபடும், இன்னும் பொடியாகும். ஒரு தடவை பொடிக் குமிழி உண்டாகிவிட்டால், என்ஜின் அந்த வேகத்தில் ஓடும்வரை அதை வெளியேற்ற வழியில்லை. உண்டாகாமல் தடுப்பதுதான் ஒரே வழி. என் தொழிலில் நான் அடிக்கடி போடும் கணக்கு இதுதான், மாணவர்கள் இதை ஒரு தடவை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆயிலில் கரைந்திருக்கும் காற்றைச் சொல்லவில்லை. அது எப்போதும் எட்டு பத்து சதவீதம் இருக்கும், தொந்தரவு செய்யாது. குமிழியாக நிற்கும் காற்றுதான் தொந்தரவு. நெம்புகோல் மாதிரி விறைப்பாக நிற்க வேண்டிய ஆயில் அப்போது ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. வால்வைத் தூக்கும் ஹைட்ராலிக் டாப்பெட்டுக்குள் ஒரு சின்னத் தூண் ஆயில்தான் பாரத்தைச் சுமக்கிறது. அதில் காற்று இருந்தால் தூண் அமுங்கும், டக் டக் என்று சத்தம், வால்வு முழுசாகத் திறக்காது. நேவிஸ்டார் நிறுவனத்தின் 7.3 லிட்டர் டீசல் என்ஜின் ஒன்று 1994-இல் வந்தது. அதில் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரையே என்ஜின் ஆயிலின் அழுத்தத்தால் இயக்கினார்கள். ஆயிலில் காற்று கலந்தால் இன்ஜெக்டருக்கு உந்து குறைகிறது, அழுத்தம் தடுமாறுகிறது. ஆயிலில் எவ்வளவு காற்று தங்குகிறது என்று அளக்கும் தரச் சோதனையையே பிறகு அந்த என்ஜினை வைத்து வகுத்தார்கள்.

பேரிங்குக்கு வருவோம். பாரம் உச்சத்தில் இருக்கும்போது ஷாஃப்ட்டையும் பேரிங்கையும் பிரிப்பது சில மைக்ரான் ஆயில் படலம். அங்கே ஆயிலுக்குப் பதில் காற்று வந்தால் உலோகமும் உலோகமும் உரசும். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு இருக்கிறதே என்பீர்கள். அந்த ஸ்விட்ச் பொதுவாக அரை பாருக்கும் கீழே அழுத்தம் விழுந்தால்தான் பேசும். நுரைத்த ஆயிலுக்கும் அழுத்தம் உண்டு. விளக்கு எரியாமலேயே பேரிங் போகலாம்.

இப்போது தகட்டைப் பார்ப்போம். எல்.எஸ்.1-இல் மெயின் பேரிங் மூடிகளைப் பிடிக்கும் ஸ்டட்டுகளின் நுனி கொஞ்சம் நீட்டிவிட்டிருக்கும். அவற்றிலேயே தகட்டை மாட்டி நட் போட்டு முறுக்குகிறார்கள். பம்ப்பின் உறிஞ்சு குழாயும் அங்கேயே தாங்கிக்கொள்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் சர்வீஸ் புத்தகத்தில் இதற்கு விண்டேஜ் ட்ரே என்ற பெயர்கூட இல்லை, 'க்ராங்க் ஷாஃப்ட் ஆயில் டிஃப்ளெக்டர்'. ஆயிலைத் திசை திருப்புவது. இந்தப் பெயர்தான் எனக்குப் பிடிக்கும், செய்கிற வேலையைச் சொல்கிறது.

வெறும் மூடியாக ஒரு தகட்டை வைத்தால் என்ன ஆகும்? கீழே இருக்கும் குளத்தைக் காற்று தொடாது, நல்லது. ஆனால் மேலிருந்து வரும் ஆயில் எங்கே போகும்? தகட்டின் மேலேயே தேங்கும். தேங்கிய ஆயிலுக்குள் க்ராங்க் ஷாஃப்ட் சுழலும். சம்ப்பை அரை அடி மேலே கொண்டுவந்து வைத்த கதையாகிவிடும். தட்டே இல்லாமல் இருப்பதைவிட மோசம். கடையில் விற்கும் சில மலிவுத் தட்டுகள் இந்த ஜாதிதான்.

எனவே தகட்டுக்கு ஓட்டை வேண்டும், அந்த ஓட்டை மேலிருந்து கீழே மட்டும் வழிவிட வேண்டும். துருவும் பலகையைத் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் பிடிக்கும். தகட்டை வரிசையாகக் கீறி உதடு மாதிரி மடக்கி விடுகிறார்கள். மடிப்பின் வாய் சுழற்சியை எதிர்கொண்டு நிற்கும். க்ராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றிவரும் ஆயில் அந்த வாயில் மோதி, அதன் வேகத்தாலேயே கீழே இறங்கிவிடும். கீழே இருக்கும் ஆயில் திரும்பி ஏற வந்தால் உதட்டின் முதுகில் முட்டும். சிலர் மடிப்புக்குப் பதில் கம்பி வலை வைக்கிறார்கள். வலைக்குள் புகும் சொட்டு வேகத்தை இழந்து வடிந்துவிடும், திரும்பத் தெறிக்காது. வடிவம் எதுவானாலும், வருகிற சொட்டின் வேகத்தைத் தின்பதில்தான் வெற்றி.

இதற்கு ஒரு தம்பி உண்டு, ஸ்க்ரேப்பர். வீட்டு கிரைண்டரில் மாவு பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றாமல் இருக்க ஒரு பலகை நிற்குமே, அதே தத்துவம். க்ராங்க் ஷாஃப்ட் சம்ப்பைக் கடந்து மேலே ஏறும் பக்கத்தில், எடைக்கட்டிகளின் உருவத்துக்கு ஏற்ப வெட்டிய ஒரு கத்தி விளிம்பை, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துகிறார்கள். கூடவே சுற்றிவரும் ஆயில் கயிற்றை அது வழித்துவிடும். ஓடும்போது ஷாஃப்ட் கொஞ்சம் வளையும், ராடு கொஞ்சம் நீளும், இதற்கெல்லாம் இடம் விட வேண்டும். இடம் அதிகமானால் வழிக்காது, குறைந்தால் இடிக்கும். நீள ஸ்ட்ரோக் க்ராங்க் ஷாஃப்ட் மாற்றிப் போடுகிறவர்கள், கையால் மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு ராடும் தட்டைத் தொடாமல் போகிறதா என்று பார்க்காமல் சம்ப்பை மூடவே கூடாது.

இன்று இது தகரமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கிலும் வார்க்கிறார்கள். 2003-இல் வந்த 5.7 லிட்டர் ஹெமியில் சம்ப் கேஸ்கெட்டும் தட்டும் ஒரே உறுப்பு. எனக்கு அந்த யோசனை மிகவும் பிடிக்கும். ஏன் என்று சொல்ல ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்.

சில வருஷம் முன்பு என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு டாக்சி உரிமையாளரை அழைத்து வந்தான். சொந்த வண்டி, தானே ஓட்டுகிறார், தவணை பாக்கி இருக்கிறது. திருச்சிக்கும் சென்னைக்கும் நெடுஞ்சாலையில் ஓட்டம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் ஓவர்ஹால் செய்தார். நாலாயிரம் கிலோமீட்டரில் மூன்றாவது சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் போய்விட்டது. க்ராங்க் ஷாஃப்ட்டைக் கிரைண்டிங் செய்து மறுபடி பேரிங் போட்டார்கள். மூவாயிரத்தில் மறுபடி அதே பேரிங். "ஆயில் டூப்ளிகேட் சார், அதான்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். இவர் ஆயில் கடையை மாற்றிப் பார்த்தார். இரண்டு மாசமாக வண்டி ஓட்டம் இல்லை, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை என்று அடித்துச் சொன்னார். வேகமாகப் போகும்போது மட்டும் மேலே டக் டக் என்று சத்தம் வரும், நிறுத்திப் பத்து நிமிஷம் கழித்து எடுத்தால் இருக்காது என்றார்.

அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்குத் துப்பு. குமிழி வெளியே வர ஆகும் நேரம் அது. சம்ப்பைக் கழற்றச் சொல்லி அடியில் படுத்துப் பார்த்தேன். மெயின் பேரிங் மூடிகளில் நாலு துளை காலியாக இருந்தது. உள்ளே மரை பளபளவென்று இருந்தது. போல்ட்டே போகாத இடத்துக்குக் கம்பெனிக்காரன் மரை வெட்ட மாட்டான். ஒர்க்‌ஷாப்பில் கேட்டோம். "அதுவா சார், ஓரத்துல விரிசல் விட்டு கிடுகிடுன்னு சத்தம் போட்டுச்சு. சும்மா தகரந்தானேன்னு கழட்டிப் போட்டுட்டோம். இடம் நெறய கிடைச்சுது, நல்லதுக்குத்தான்னு முக்கா லிட்டர் கூடவே ஊத்திவுட்டோம்" என்றார் மெக்கானிக். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, கூட ஊற்றினால் என்ஜினுக்கு நல்லது என்று உண்மையாகவே நம்பினார். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

டிப் ஸ்டிக்கில் மேல் கோடு என்பது யாரோ குத்துமதிப்பாகக் கீறியது இல்லை. அந்தக் கோட்டுக்கும் சுழலும் ராடின் அடிமட்டத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி விட்டு வடிவமைக்கிறார்கள். கூட ஊற்றும் ஒவ்வொரு கால் லிட்டரும் அந்த இடைவெளியைத் தின்னும். மூடியும் இல்லை, குளமும் உயர்ந்துவிட்டது என்றால் ராடு மத்தாகிவிடும். புதுத் தட்டு வாங்கி மாட்டி, ஆயிலைக் கோட்டோடு நிறுத்தி, ஷாஃப்ட்டை மறுபடி சரிசெய்து கொடுத்தோம். வண்டி ஓடியது, அடுத்த வருஷம் தவணை முடிந்ததற்குச் சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தார். தட்டு இல்லாதது, முக்கால் லிட்டர் கூடியது, இரண்டில் எது பெரிய குற்றவாளி? என் கணிப்பில் முக்கால் லிட்டர்தான். தட்டு இருந்திருந்தால் அதையும் ஓரளவு மன்னித்திருக்கும்.

கேஸ்கெட்டோடு சேர்ந்த தட்டு ஏன் பிடிக்கும் என்றேனே, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு சம்ப்பை மூட முடியாது!

பிரேக் போடும்போதும் திருப்பத்திலும் நடப்பதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு முழுமையாகாது. காய்ந்த சாலையில் முழு பிரேக் அடித்தால் புவியீர்ப்பில் 0.8 பங்கு. சம்ப்பில் ஆயிலின் மேல்பரப்பு சுமார் 39 டிகிரி சாயும். குளம் ஒரு ஓரத்தில் ஏறி க்ராங்க் ஷாஃப்ட்டைத் தொடப் பார்க்கும், இன்னொரு ஓரத்தில் தரை தெரியும். மேலே ஏறுவதைத் தட்டு தடுக்கும். உறிஞ்சு குழாய் நிற்கும் இடம் வறண்டு போவதைத் தட்டால் தடுக்க முடியாது, அதற்கு சம்ப்புக்குள் தடுப்புச் சுவர்களும் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகளும் வேண்டும். 1997 கார்வெட் தரையோடு தாழ்ந்த கார், ஆழமான சம்ப்புக்கு இடமில்லை. பக்கவாட்டில் இரண்டு சிறகு விரித்து அங்கே ஆயிலை வைத்தார்கள், பார்க்க வௌவால் மாதிரியே இருக்கும். பந்தயத்தில் நீண்ட திருப்பங்களுக்கு அதுவும் போதாது. 2006-இல் அதே குடும்பத்தின் 7 லிட்டர் எல்.எஸ்.7 வந்தபோது டிரை சம்ப்புக்கே போய்விட்டார்கள். அடியில் குளமே இல்லை, விழுகிற ஆயிலைத் தனி பம்ப் உடனே உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பிவிடும். காற்றைப் பிரித்து ஆறப்போட அங்கே அவகாசம் கிடைக்கும். செலவும் அதிகம். நம் தகட்டை, ஏழையின் டிரை சம்ப் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

மாணவர்கள் கேட்பீர்கள், எலெக்ட்ரிக் கார் வந்துவிட்டதே அண்ணா, இன்னும் க்ராங்க் ஷாஃப்ட்டா என்று. அதில் க்ராங்க் ஷாஃப்ட் கிடையாது, சரி. ஆனால் மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பல் சக்கரப் பெட்டி உண்டு. மோட்டார் நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் சுற்றுகிறது. அந்தப் பல் சக்கரங்கள் ஆயிலில் நனைந்துகொண்டேதான் சுழல்கின்றன. அதிகம் நனைந்தால் பேட்டரியின் சக்தி ஆயிலைக் கடைவதில் போகும், குறைந்தால் பல் தேயும். அங்கேயும் இப்போது பல் சக்கரத்தைச் சுற்றித் தடுப்புத் தகடு வைக்கிறார்கள், எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் ஓட்டை போடுவது என்று கம்ப்யூட்டரில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் ஆயிலையும் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிக்க இன்னும் நாள் கணக்கில் ஆகிறது. கடைசியில் ஜன்னல் வைத்து விளக்கு அடித்துத்தான் பார்க்கிறோம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்வி இருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் பிளாக் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். ஒரு பழைய தட்டும் ஒரு தேய்ந்த பேரிங்கும் கொண்டுவந்திருக்கிறேன், கையில் எடுத்துப் பார்க்கலாம்.